மாமனார் காலும் பதினோரு ஜன்னல்களும்

இலவசமாகக் கிடைக்கும் பொருளை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் அறுபது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்குள் செய்யவேண்டிய சேதத்தையெல்லாம் செய்து முடித்திருந்தேன். அதில் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இதை எழுதச் சொல்லி என் மனைவி மல்லிகா பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். (“எயுதுங்க. ஆனா உங்களுக்கு சாதகமா எயுதாதீங்க” என்பது அவள் போட்ட நிபந்தனை.)

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தேன். எம்.ஏ. படித்தவன் என்பதை யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்ளும் வயது. கல்யாணமாகி இரண்டாவது வருடம். அப்பா விட்டுப்போன நாட்டு ஓட்டு வீடு. முன்பக்கம் கூடம், பின்பக்கம் சமையலறை, அதற்குப் பின்னால் கிணறும் கொஞ்சம் தோட்டமும். மல்லிகா சாலவாக்கத்துப் பெண். அவள் அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் பயிர் வைக்கிறவர். நல்ல காற்றோட்டமான வீட்டில் வளர்ந்தவள், கல்யாணம் செய்துகொண்டு என் வீட்டுச் சமையலறைக்குள் வந்தாள்.

அந்தச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு, வெளிச்சத்துக்கு. தோட்டத்துக்குப் போகும் கதவு ஒரு மூலையில், அடுப்பு இன்னொரு மூலையில். காய்ந்தும் காயாத வேலிகாத்தான் விறகைத்தான் எரிப்போம். அது எரிகிற நேரம் கொஞ்சம், புகைகிற நேரம் அதிகம். என் அம்மா முப்பது வருடம் அங்கேதான் சமைத்தாள். எப்போது பார்த்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். அழுகிற சுபாவம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மல்லிகா வந்த சில மாதங்களிலேயே இருமத் தொடங்கினாள். குழம்பு கொதிக்கும்போது வெளியே ஓடிவந்து கிணற்றடியில் நின்று இருமுவாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள், திரும்ப உள்ளே போவாள்.

“இங்க ஒரு ஜன்னல் வெச்சா நல்லாருக்கும்ங்க” என்றாள் ஒரு நாள்.

“வைக்கலாம், வைக்கலாம்” என்றேன். ஆசிரியர்கள் மாணவர்களிடம் ‘சுற்றுலா போகலாம்’ என்று சொல்வார்களே, அதே குரலில்.

அந்தச் சமயத்தில்தான் கடைத்தெருப் பக்கம் நெல் மண்டி வைத்திருந்த ஒருவர் தன் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார். அவர் பையன் என்னிடம் படித்தவன். பள்ளி விட்டு வரும் வழியில் என்னை நிறுத்தினார்.

“சார், நெலக்கதவு, உத்தரம், தூணு எல்லாம் வித்துப் போச்சி. இந்த ஜன்னலுங்கதான் நிக்கிது. பழைய மாடலு, எவனும் சீண்ட மாட்றான். வாங்கறியான்னு கேட்டா சிரிக்கிறான். உங்களுக்கு ஒண்ணு ரெண்டு வேணும்னா சொல்லுங்க, சும்மாவே தூக்கினு போங்க.”

கனமான மரச் சட்டம், செங்குத்தாக இரும்புக் கம்பிகள், மேலே இரண்டும் கீழே இரண்டுமாகக் குட்டிக் கதவுகள். பதினோரு ஜன்னல்கள். எனக்குத் தேவை ஒன்று.

“எல்லாத்தையும் எடுத்துக்கறேன்” என்றேன்.

மாட்டு வண்டியில் ஜன்னல்கள் வந்து இறங்கியதும் மல்லிகாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் நன்றாகவே கவனித்தேன். (கவனிக்கவில்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன். நிபந்தனை ஞாபகம் வந்தது.) விறுவிறுவென்று உள்ளே போனாள். அடுப்புக்கரி ஒன்றை எடுத்து, அடுப்புக்கு மேலே, தோட்டத்தைப் பார்த்த சுவரில் ஒரு பெரிய கட்டம் போட்டாள். கோடு நேராக வருவதற்காக என் அடிக்கோலை வைத்துப் போட்டிருந்தாள்.

“இங்க வெச்சா பொகை நேரா வெளிய பூடும்ங்க. கெணத்தாண்ட யார் நின்னாலும் தெரியும். சரியா கீதா பாருங்க.”

“பிரமாதம்” என்றேன்.

அதோடு சரி. அந்தக் கட்டம் அங்கேயே இருந்தது. புகைபட்டுச் சுவர் கறுக்கக் கறுக்கக் கட்டம் மறைந்தது. பிறகு அவள் என் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அதன் மேலேயே வெள்ளையாகப் போட்டாள்.

நான் சும்மா இருந்தேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இரவும் பகலும் ஜன்னல் யோசனையாகவே இருந்தேன். பத்திரிகை ஒன்றில், பழைய சாமான்களை வீட்டிலேயே வேறு வேலைக்குப் பயன்படுத்துவது பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அது எனக்கு ஜன்னலாகத் தெரியவில்லை.

முதலில் கோழிக் கூண்டுக்கு ஒன்று முகப்பாகப் போயிற்று. கீழே இருந்த குட்டிக் கதவு கோழிக்கு வாசல். அது உண்மையிலேயே நன்றாக அமைந்துவிட்டது. அதுதான் என்னைக் கெடுத்தது. அடுத்து ஒன்றைத் தோட்டத்தில் சாய்த்து நிறுத்திப் புடலங்கொடியை ஏற்றிவிட்டேன். ஒன்றைக் கூடத்தில் உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டு, கம்பிகளில் கொக்கி மாட்டி, சட்டை, குடை, பை எல்லாம் தொங்கப்போட்டேன். காற்றடித்தால் என் உடுப்புகள் எல்லாம் ஒன்றாக ஆடும். யாரோ உள்ளே இருப்பது போல இருக்கும். ஒன்று தட்டு கவிழ்க்கிற தாங்கி ஆயிற்று. கம்பிக்கு நடுவே தட்டுகள் அழகாக நின்றன. தம்ளர்கள் மட்டும் நிற்கவில்லை, ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. குட்டிக் கதவுகள் சிலவற்றைக் கழற்றிக் கல்யாணப் போட்டோவுக்குச் சட்டம் போட்டேன். அந்தப் போட்டோவைப் பார்க்க வேண்டுமானால் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டு ஜன்னல்களைச் சேர்த்து ஆணி அடித்து, கால் வைத்து, கொல்லையில் எனக்கொரு பெஞ்சு செய்துகொண்டேன். அதில் மத்தியானம் படுத்து எழுந்தால் முதுகு முழுவதும் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். “முதுகெலும்புக்கு நல்லது” என்று மல்லிகாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் இருமினாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா மட்டும் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி ஒவ்வொரு ஜன்னலுக்கும் கருத்துச் சொல்வார். கணவரோடு சேர்ந்து கிணறு வெட்டும் வேலைக்குப் போகிறவர். யாருக்கும் பயப்படமாட்டார்.

“இன்னா சார், தூங்கறதுக்கு ஒரு ஜன்னலு, கோயிக்கு ஒரு ஜன்னலு, காய்க்கு ஒரு ஜன்னலு. பாவம், அந்தப் பொண்ணு பொகையில வெந்துகினு கீது. அதுக்கு ஒண்ணு வெச்சாத்தான் இன்னா?”

“வைக்கணும்க்கா. அதற்கு ஒரு முறை இருக்கு.”

அந்த ‘முறை’யைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஜன்னல்கள் இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. வீடு கட்டும்போதே எண்ணி வைப்பார்கள். எங்கள் வீட்டில் நான்கு. சமையலறையில் ஒன்று வைத்தால் ஐந்து ஆகிவிடும். இதை நான் ஒரு நாள் கண்டுபிடித்தேன். ஆசிரியர்கள் அறையில் ராகுகாலத்தைக் கிண்டல் செய்து மணிக்கணக்கில் பேசுகிற அதே நான், மல்லிகாவிடம் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சொன்னேன்:

“எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா உங்க நைனா இருக்காரே. ஒற்றைப்படைன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவார்.”

மல்லிகா அதோடு ஜன்னல் பேச்சை விட்டுவிட்டாள். அப்பா மேல் அவளுக்கு அத்தனை மரியாதை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

உண்மையான காரணம் இரண்டு. ஒன்று, சுவரை இடிக்க வேண்டும், அது வேலை. இரண்டாவதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் ஆயிற்று. சுவரில் ஜன்னல் வைத்தால் அதை யார் பாராட்டுவார்கள்? ஊரில் எல்லார் வீட்டிலும் சுவரில்தான் ஜன்னல் இருக்கிறது. தொங்குகிற ஜன்னலைப் பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய வாத்தியாரே வந்துவிட்டுப் போனார்.

பொங்கல் நெருங்கியது. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். நானே மட்டையை எடுத்துச் சுண்ணாம்பைக் குழைத்துச் சமையலறையையும் அடித்தேன். அடித்து முடித்துத் திரும்பியபோது மல்லிகா வாசற்படியில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போட்ட கட்டத்தையும் சேர்த்து அடித்திருந்தேன்.

“எவ்வளவு பளிச்சுனு ஆயிடுச்சு பார்” என்றேன்.

மறுநாள் போகி. காலையில் காப்பிக்காக உள்ளே போனேன். புது வெள்ளைச் சுவரில் அதே இடத்தில், கரியால், முன்னைவிட அழுத்தமாக ஒரு கட்டம் இருந்தது.

தெருவில் எல்லாரும் பழைய பாயையும் முறத்தையும் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா அக்கா வேலியோரம் நின்று, “சார், உங்க வூட்டுலேர்ந்து ஏதாச்சும் மரம் வரும்னு விடியகாத்தாலேர்ந்து பாத்துகினு கீறோம்” என்றார். நான் கேட்காதது போல நகர்ந்துவிட்டேன். எனக்கு அன்று வேறு பெருமை இருந்தது. மாமனார் பொங்கல் வரிசை கொண்டுவருகிறார். அவருக்குக் காட்டுவதற்காகவே ஒரு புது ஏற்பாட்டை முடித்து வைத்திருந்தேன்.

கிணற்றடியில் கால் கழுவும் இடம் எப்போதும் சேறாக இருக்கும். அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதிலிருந்து வாழைக்கு ஒரு வாய்க்கால் விட்டு, குழியின் மேல் ஒரு ஜன்னலைப் படுக்கப் போட்டிருந்தேன். கம்பி மேல் நின்று கால் கழுவினால் தண்ணீர் கீழே போய்விடும், காலில் சேறு படாது. மல்லிகாவும் நானும் நின்று பார்த்தோம். தாங்கியது. ஆனால் நாங்கள் இருவரும் அந்தக் காலத்தில் ஒல்லி. மாமனார் அப்படியல்ல. ஏர் பிடித்து உரமேறிய உடம்பு. அவர் பஸ்ஸில் ஏறினால் பஸ் ஒரு பக்கம் சாய்ந்து அவரை வரவேற்கும்.

அரிசி மூட்டை, கரும்புக் கட்டு, பூசணிக்காய், மஞ்சள் கொத்து எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கிவிட்டு நேராகக் கிணற்றடிக்கு வந்தார்.

“இன்னா மாப்ள, சௌக்கியமா கீறீங்களா? இது இன்னா, ஜன்னலப் போயி தரையில போட்டுகினு கீறீங்க?”

“கால் கழுவ மாமா. அதன் மேலே நின்னு கழுவுங்க. சேறு படாது. என் ஏற்பாடு.”

“ஜன்னல் மேல கால் வெக்கறதா?” என்று கொஞ்சம் தயங்கினார்.

“இரும்பு மாமா. யானை நின்னாலும் தாங்கும்.”

மருமகன் சொல்லைத் தட்டக்கூடாது என்று ஏறி நின்றார். முதலில் ஒரு முனகல் கேட்டது, ஜன்னலிடமிருந்து. பழைய கம்பிகளில் இரண்டு அவர் பாரத்துக்கு இப்படியும் அப்படியுமாக விலகின. வலது கால் நடுவே இறங்கியது. முழங்கால் வரை இறங்கியதும் அவர் தொப்பென்று சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். பாரம் நீங்கியதும் கம்பிகள் பழைய இடத்துக்குத் திரும்பிக் காலை இறுகப் பிடித்துக்கொண்டன.

கோழி தன் ஜன்னல் வழியாகப் பார்த்தது.

“அடி பட்டுச்சா மாமா?”

“அடி படல மாப்ள. கால்தான் உங்க வூட்டுதாயிடுச்சி.”

மல்லிகா ஓடிவந்தாள். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். விளக்கெண்ணெய் தடவினோம். துணி சோப்பைக் குழைத்துத் தேய்த்தோம். கால் வழவழவென்று சுற்றியதே தவிர மேலே வரவில்லை. குதிகால் கம்பிக்கு அடியில் கொக்கி போட்ட மாதிரி நின்றது. ஜன்னலோடு சேர்த்து அவரைத் தூக்கிவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னேன்.

“தூக்கி? இத்த மாட்டிகினு நான் சாலவாக்கம் பஸ்ல போறதா? கண்டக்டரு ரெண்டு டிக்கிட்டு கேப்பான் மாப்ள.”

சத்தம் கேட்டுக் கன்னியம்மா அக்கா எட்டிப் பார்த்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எல்லா வூட்லயும் போகிக்கு பழச கொளுத்தறாங்க. உங்க வூட்ல பழசு ஆளப் புடிச்சிகினு கீதே சார்! இருங்க, எங்க வூட்டுக்காரு கடப்பாரைய எங்கியோ குடுத்து கீறாரு, வாங்கினு வரேன். நெம்பினா வந்துடும்.”

கடப்பாரை வர நேரமாயிற்று. மாமனார் அங்கேயே உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு ஒரு தலையணை வைத்தோம். மல்லிகா காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “அடுப்புல போளிக்குப் பருப்பு கெடக்குது நைனா” என்று உள்ளே ஓடினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வரும் அப்பா கூடத்தில் உட்காருவார், இலை போட்டால் சாப்பிடுவார், வெற்றிலை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். சமையல் எங்கே நடக்கிறது, எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கு அவருக்கு வழியே இல்லை. இரண்டு வருடமாக இவரும் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தார். அன்று என் ஏற்பாடு அவரைக் கிணற்றடியில், சமையலறைக் கதவுக்கு எதிரே, எழுந்திருக்க முடியாமல் உட்கார வைத்துவிட்டது.

கதவு வழியாகப் புகை சுருண்டு வந்தது. பிறகு மல்லிகா வந்தாள், குனிந்து நின்று இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், திரும்பப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னாம்மே, கண்ணு இப்டி செவந்து கீது?”

“பொகை நைனா. வேற ஒண்ணுமில்ல.”

“உள்ள ஒரு ஜன்னல் இல்ல?”

“கீது நைனா.”

“எங்க? செவுரு மொட்டையா நிக்கிது.”

“உள்பக்கமா கரியில வரைஞ்சி வெச்சி கீறேன்” என்றாள். பரிகாசமாகச் சொல்லவில்லை. இருக்கிற விஷயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மாமனார் திரும்பித் தோட்டத்தைப் பார்த்தார். கோழிக் கூண்டைப் பார்த்தார். புடலங்கொடியைப் பார்த்தார். என் பெஞ்சைப் பார்த்தார். கடைசியாகத் தன் காலைப் பார்த்தார்.

“இத்தினி கீதே மாப்ள. எம் பொண்ணுக்கு ஒண்ணு இல்லியா?”

“அதில்ல மாமா. வீட்டில் நாலு ஜன்னல் இருக்கு. இன்னொன்று வைத்தால் ஒற்றைப்படை ஆயிடும். நீங்க இதெல்லாம் பார்க்கிறவர், மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்…”

“நைனா ஒத்துக்க மாட்டாருன்னு இவருதான் சொன்னாரு” என்றாள் மல்லிகா கதவருகிலிருந்து.

“நானா?” அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “என்னிய எப்ப கேட்டீங்க?”

எம்.ஏ. படித்த நான், குனிந்து அவர் காலில் மறுபடி விளக்கெண்ணெய் தடவத் தொடங்கினேன்.

“கோயிக் கூண்ட சேத்துக்கோங்க” என்றார் அவர். “ரெட்டப்படை ஆயிடும்.”

கடப்பாரை வந்து சேர்ந்தது. நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கம்பியை நெம்பக் குனிந்தேன். மாமனார் கடப்பாரையைப் பிடித்துத் தடுத்தார்.

“கால் கெடக்கட்டும். மொதல்ல அந்தச் செவுத்த இடிங்க.”

“மாமா, முதல்ல உங்க கால்…”

“எங் காலு எங்கியும் போவாது மாப்ள. நீங்கதான் போவீங்க.”

கோபத்திலும் ‘ங்க’ போடுவதை விடாத மனிதர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மல்லிகாவும், “இன்னா நைனா, வீங்கிடப் போவுது” என்று கெஞ்சினாள். அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டார். தன் சொந்தக் காலையே பணயமாக வைத்துவிட்டார்.

போகிக்கென்று கட்டிய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினேன். வெளியிலிருந்து எங்கே இடிப்பது என்று தெரியவில்லை. மல்லிகா உள்ளே போய்க் கரிக்கட்டத்தின் நடுவில் கரண்டியால் தட்டினாள். அந்தச் சத்தம் வந்த இடத்தில் காதை வைத்துக் கேட்டு, கடப்பாரையால் குத்தினேன். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. மறுபடி குத்தினேன். என் கைதான் அதிர்ந்தது. எத்தனையோ கோட்டைகள் இடிந்த கதையை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒரு கோட்டையையாவது எப்படி இடித்தார்கள் என்று யோசித்ததே இல்லை.

“சாக்பீஸ் புடிக்கிற மாரி புடிக்கிறீங்க சார்” என்றார் கன்னியம்மா அக்கா.

“சந்துல வுட்டு நெம்புங்க மாப்ள! நடுவுல குத்தினா செங்கல்லு சிரிக்கும்” என்று ஜன்னலிலிருந்தபடியே மாமனார் குரல் கொடுத்தார்.

ஒரு செங்கல் அசைந்தது. அதைப் பிடுங்கியதும் அடுத்தது தானாக வந்தது. பிறகு நான் எதிர்பார்க்காத அளவுக்கு நிறையச் செங்கற்கள் வந்தன. உள்ளே ஏதோ பாத்திரத்தில் விழுந்த சத்தம் கேட்டது. (போளிப் பருப்பு.) ஓட்டை திறந்த மறுகணம், அந்த அறையில் அடைபட்டிருந்த புகை முழுவதும் ஒரே மூச்சாக என் முகத்தில் வந்து அடித்தது.

கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டை அடைத்தது. கடப்பாரையைப் போட்டுவிட்டு நகர்ந்து, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நின்று இருமினேன். மல்லிகா தினமும் நிற்கும் அதே இடம். எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது, ஓட்டைக்குள் அவள் முகம் தெரிந்தது. மூக்கில் சுண்ணாம்பு, நெற்றியில் கரி.

“வெளிச்சம் வருதுங்க” என்றாள்.

அப்புறம்தான் மாமனார் காலை நெம்ப அனுமதித்தார். கன்னியம்மா அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கம்பி வெளிப்பக்கமாக வளைந்தது, கால் வந்தது. சிவந்த கோடுகளோடு அவர் தோட்டத்தில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, ஓட்டையருகில் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இப்ப இதுல எந்த ஜன்னல வெக்கப் போறீங்க?”

அங்கேதான் அடுத்த சிக்கல். ஒரு ஜன்னலில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒன்றைப் புடலங்கொடி விடுவதாக இல்லை. பெஞ்சை ஆணி அடித்தே பாழாக்கியிருந்தேன். மற்றவற்றிலும் கதவைக் கழற்றியது, சட்டத்தை அறுத்தது என்று ஏதாவது செய்திருந்தேன். பதினோரு ஜன்னலில் ஜன்னலாக மிச்சமிருந்தது அவர் காலைப் பிடித்த அந்த ஒன்றுதான்.

அன்று போளி இல்லை. அவர் கொண்டுவந்த கரும்பைக் கடித்துக்கொண்டு எல்லாரும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தோம். பொங்கல் முடிந்து கொத்தனார் வந்து ஜன்னலைச் சுவரில் பொருத்தினார். வளைந்த கம்பியைத் தட்டி நேராக்கவா என்று கேட்டார். “வேணாம், அப்டியே இருக்கட்டும்” என்றாள் மல்லிகா. மற்ற ஜன்னல்கள் அடுத்தடுத்த போகிகளுக்குக் கன்னியம்மா அக்கா கைக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை.

அந்த இரண்டு வருடங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பின்னால் காஸ் அடுப்பு வந்தது, வீட்டையே இடித்துக் கட்டினோம். மார்கழி வந்தால் மல்லிகாவுக்கு இன்றும் இருமல் வருகிறது. பனிதான் காரணம் என்கிறார் டாக்டர். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஜன்னலை மட்டும் புது வீட்டுச் சமையலறையிலும் வைத்திருக்கிறோம். வளைந்த கம்பிக்கு நடுவே ஒரு பூனை தாராளமாக நுழையும். முதல் முறை ஒரு சாம்பல் பூனை அந்த வழியாக வந்து பாலைக் குடித்தபோது மாமனார் வந்திருந்தார். “எங் காலு போன வழியில வருது. வுடுங்க, எங்க வூட்டு ஆளு” என்றார். அன்றிலிருந்து அந்த வழியாக எந்தப் பூனை வந்தாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பெயர். மாமனார் காலமாகி வெகு காலம் ஆகிவிட்டது. சாம்பல் பூனைக்குப் பின் எத்தனையோ பூனைகள் மாறிவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் ஏதோ உருண்டது.

“இன்னாங்க, சாலவாக்கத்தாரு வந்து கீறாரு” என்று மல்லிகா கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறாள். “எயுதினது போதும். எயுந்து போயி பால மூடுங்க.”